டொக்டரை எதை வைத்துத் தெரிவு செய்வது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஏசியும் கண்ணாடிக் கதவும் பார்த்து டொக்டரை சனல் பண்ணாதீர்கள், அதாவது பார்க்க நேரம் பதியாதீர்கள். முதலில் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள். அப்புறம் உள்ளே போனதும் கவனியுங்கள்: நீங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறாரா, ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளை விசாரிக்கிறாரா, கை கழுவிவிட்டுத் தொட்டுப் பார்க்கிறாரா? அம்மாவுக்கு விடாத வறட்டு இருமல் வந்தபோது ஒரு பளபளப்பான இடத்தில் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் மட்டும் தந்தார்கள். கடைசியில், மின்விசிறி கிறீச்சிடும் சின்ன டிஸ்பென்சரியில் இருந்த டொக்டர்தான் அம்மாவின் பிரஷர் குளிசை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்து, அதிலிருந்த எனலாப்ரில் என்ற மருந்து சிலருக்கு இப்படி இருமலைத் தரும் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். எந்த மருந்து எதற்கு, எப்போது திரும்ப வரவேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள். கேட்டதற்கு எரிந்து விழுந்தால், சரி, வேறு டொக்டரைப் பாருங்கள்.