கூட்ட அறையின் எதிரொலியை அடக்கிய விதம்

எங்கள் அலுவலகத்தின் புதிய கூட்ட அறை பார்க்க அழகுதான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, எதிரே பூசிய சுவர், தரையில் டைல்ஸ், மேலே வெறும் கான்கிரீட். ஆனால் நான்கு பேர் பேசினால் ஒரு சொல்லும் தெளிவாகக் கேட்காது. வீடியோ அழைப்பில் இருப்பவர்கள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்பார்கள்.

மைக்கை மாற்றலாம் என்றார்கள். நான் அறை நடுவே நின்று ஒருமுறை கை தட்டினேன். சத்தம் நின்ற பிறகும் 'டர்ர்ர்' என்று ஓர் அதிர்வு ஓடியது. கண்ணாடிக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே ஒலி மாறி மாறி மோதுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மைக் என்ன செய்யும், பாவம்!

1890களில் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன், அறைக்குள் இருக்கை மெத்தைகளை அடுக்கியே இந்த எதிரொலிச் சிக்கலை ஆராய்ந்தார். அறை பெரிதானால் முழக்கம், அதாவது சத்தம் நின்ற பிறகும் ஒலி அறைக்குள் தங்குவது, நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும்.

சரி, பரப்பைக் கூட்டுவோம் என்று 50 மி.மீ. மினரல் வூல் (கல் போன்றவற்றை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைகளுக்குத் துணி போர்த்தி, கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில், உட்கார்ந்தவர் காது உயரத்தில் மாட்டினோம். பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டதால் கனத்த குரல்களும் அடங்கின. அப்புறம் மேசைக்கு மேலேயும் சில பலகைகளைத் தொங்கவிட்டோம். மெல்லிய கம்பளம் மட்டும் போதாது. அது கீச்சொலியைத்தான் பிடிக்கும்.

பக்கத்து அறைச் சத்தத்தை இது தடுக்காது, அது வேறு வேலை. துணிமேல் பெயின்ட் அடிக்க மட்டும் விடாதீர்கள். துளைகள் அடைபட்டால் பலகை ஒலியை உறிஞ்சாது.