கோவைப் புறநகரில் நல்ல வாடகை வீடு பிடிப்பது எப்படி?

ஆர்.எஸ்.புரம், ரேஸ்கோர்ஸ் வாடகையைக் கேட்டு மலைத்துப் போனவர்கள் அடுத்து விசாரிப்பது வடவள்ளி, கோவைப்புதூர், காளப்பட்டி பக்கம்தான். அங்கேயும் இப்போது மலிவு கிடையாது. காசு கொடுத்தால் நல்ல வீடு தானாக அமைந்துவிடும் என்பதும் இல்லை. முதன்முதலாக வீடு தேடுகிறவர்கள் இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

1. கணக்கு

புரோக்கர் சொல்லும் வாடகையோடு மெயின்டனன்ஸ், கரன்ட், தண்ணீர் லாரிச் செலவு மூன்றையும் கூட்டுங்கள். அதுதான் உண்மையான வாடகை. அட்வான்ஸும் புரோக்கர் கமிஷனும் தனி. கமிஷன் ஒரு மாத வாடகையா, அரை மாதமா என்பதை வீடு பார்க்கப் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வீடு பிடித்துப்போய் முகம் மலர்ந்த பிறகு பேரம் படியாது.

2. ஏரியா

வேலை சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் என்றால் கோவைப்புதூர் வேண்டாம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தினமும் போய்வர வேண்டியிருக்கும். மருதமலை அடிவாரத்தை ஒட்டிய வீடுகளில் காற்றும் காட்சியும் அருமை; ஆனால் யானை நடமாட்டம் உள்ள பகுதி, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர்கள் யோசிக்க வேண்டும். காளப்பட்டி, விமான நிலையத்தை ஒட்டிய சித்ரா பக்கம் விமானச் சத்தம் உண்டு. பார்த்த வீட்டை ஒருமுறை மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

3. தண்ணீர்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" கோவையில் சிறுவாணித் தண்ணீர் எல்லாப் பக்கமும் வருவதில்லை, பல பகுதிகளுக்குப் பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்துதான் வருகிறது. எந்தத் தண்ணீர் என்பதைவிட எத்தனை நாள் இடைவெளி, அதைத் தாங்கும் அளவுக்குத் தொட்டி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். தொட்டி பொது என்றால் எத்தனை குடும்பத்துக்கு என்று கேளுங்கள்.

மற்ற உபயோகத்துக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர். அதன் உப்பை அறிய ருசி பார்க்கத் தேவையில்லை. பாத்ரூமுக்குப் போய் ஷவர் துளைகளைப் பாருங்கள். பாதித் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொண்டு, குழாயின் கழுத்தில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கடும் உப்பு. கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் படுத்துவிடும். புதுப் பெயின்ட் எதை வேண்டுமானாலும் மறைக்கும், ஷவரை யாரும் மாற்றிவைப்பதில்லை. கோடையில் லாரி வாங்கினால் காசு யார் கொடுப்பது என்பதையும் அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

4. வீட்டுக்காரர் பேச்சு

"நீங்க எந்தூருங்க? சொந்தக்காரங்க யாராச்சும் இங்க இருக்காங்களா?" என்று ஆரம்பித்து, "கவுச்சி செய்வீங்களா?" என்பதில் வந்து நிற்பார்கள். கேள்விகள் எங்கே போகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். சாதி பார்த்து வீடு கொடுப்பவர்களிடம் எவ்வளவு இனிக்கப் பேசியும் பிரயோசனமில்லை. அடுத்த வீட்டைப் பாருங்கள். கறி சமைப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மறைத்துக் குடிபோனால், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாளிக்க வேண்டியதுதான்.

"நாளைக்கு இன்னொருத்தர் அட்வான்ஸ் தர்றாருங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். கொடுக்கட்டும். குறிப்பாக ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் பால் காய்ச்சிக் குடிபோவதில்லை. அந்த மாதங்களில் பேசினால் வாடகையில் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

5. ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். அரசு இணையதளத்திலேயே பதியலாம். "பதினோரு மாச அக்ரிமென்ட், பத்திரத்துல எழுதினா போதும்" என்று பலரும் சொல்வார்கள். சண்டை வராதவரை போதும்தான்.

அட்வான்ஸ் பற்றி வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். நடைமுறையில் பத்து மாதம் கேட்பவர்களும் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும், எனவே பேரத்தை அதற்கு முன்பே முடியுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே பிடித்தம் எதற்கெல்லாம், பெயின்ட் அடிக்க எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, இவற்றைத் தொகையோடு எழுதி வாங்குங்கள். தகராறு என்று வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ கரன்டையோ நிறுத்த முடியாது. சட்டம் அதைத் தடுக்கிறது.

போக்கியத்துக்குப் போகிறவர்கள், அதாவது லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பவர்கள், வீட்டின் மேல் கடன், அடமானம் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாது. பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வீடு ஏற்கெனவே பேங்கில் அடமானத்தில் இருந்தால், கொடுத்த பணம் திரும்பி வருவது சந்தேகம்.

6. கரன்ட், வரி

வீட்டுக்குத் தனி சர்வீஸ், அதாவது தனி மின் இணைப்பு இருக்கிறதா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து பிரித்த வெறும் சப் மீட்டரா என்று பாருங்கள். தனி சர்வீஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்கும். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைப்பதுதான் விலை. எதுவானாலும் சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். விரிசல் விட்ட டைல்ஸ், கீறிய கதவு எல்லாவற்றையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.

வாடகையைப் பேங்க் வழியாகவே கொடுங்கள். ஆபீஸில் வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்பவர்களுக்கு, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் தேவை. வில்லா எடுத்து மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்களா? அப்படியானால் வாடகையில் 2 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது குடியிருப்பவரின் பொறுப்பு. இதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "வாடகை ஏனுங்க கம்மியா வந்திருக்கு?" என்று போன் வரும்.