"தெரிஞ்சுதானே ஏறினான்?" கவனக்குறைவு வழக்கின் எதிர்வாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துத் தீங்கியல் சட்டம், அதாவது ஒருவர் இன்னொருவருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம், படிக்கிற பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வழக்கின் பெயரை மாற்றிப் போடுவது, ஆண்டைத் தப்பாக எழுதுவது எல்லாம் போகட்டும், நாளாவட்டத்தில் சரியாகிவிடும். நான் பயிற்சிக் காலத்தில் செய்த அதே சொதப்பலை இவர்களும் வரிசையாகச் செய்வதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆபத்து தெரியும் என்றால் சம்மதம் என்று ஆகாது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பு வந்தது. குடித்திருந்த நண்பனின் காரில் ஏறி, விபத்தில் இடுப்பெலும்பு முறிந்த பையன். நண்பன் தள்ளாடியதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறான். எனக்கு ஒரே குஷி. வோலென்டி, அதாவது தானே விரும்பி ஏற்ற ஆபத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்கிற எதிர்வாதம், அச்சாகப் பொருந்துகிறது, வழக்கு தேறாது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சீனியர் கேட்டது ஒன்றுதான்: "149 பார்த்தியா?"

பார்க்கவில்லை. 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, கட்டாயக் காப்பீடு வேண்டிய வாகனத்தில் வந்த பயணிக்கு எதிராக இந்த வாதத்தை எடுக்கவே விடாது. மிஞ்சுவது, பயணியின் பங்குக் கவனக்குறைவுக்காக, அதாவது காயத்தில் அவர் தப்பும் கொஞ்சம் இருந்ததற்காக, இழப்பீட்டில் ஒரு கழிவு மட்டும். 1977-இல் ஓவன்ஸ் எதிர் பிரிம்மெல் வழக்கில், ஓட்டுநரோடு சேர்ந்து குடித்துவிட்டு ஏறியவருக்கே 20 சதவீதம்தான் குறைத்தார்கள். என் கடிதம் அப்படியே போயிருந்தால் கட்சிக்காரர் மீதி 80-ஐயும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, என் மேல்தான்.

சாலையை விட்டு வெளியே வந்தாலும் கதை பெரிதாக மாறாது. ஸ்மித் எதிர் பேக்கர், 1891: தலைக்கு மேலே கிரேன் கற்களைத் தூக்கிப் போவது தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை முதலாளியின் வாதத்தை ஏற்கவில்லை, வயிற்றுப் பிழைப்புக்காக அங்கே நின்றவன் ஆபத்துக்குச் சம்மதித்தான் என்று ஆகாது. வோலென்டி ஜெயித்தது பார்க்க வேண்டுமென்றால் மோரிஸ் எதிர் மரே: சேர்ந்து விஸ்கி குடித்துவிட்டு, நண்பனின் சிறு விமானத்தைக் கிளப்பவும் கைகொடுத்து, அதிலேயே ஏறிப் போனவர். அந்த அளவுக்குப் போனால்தான்.

"எங்கள் பொறுப்பல்ல" பலகை

தொழில் நடத்துகிறவர் மாட்டினால் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் அது செல்லாது. வாடிக்கையாளர் என்றால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், மற்றவர்களுக்கு 1977-ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம். எந்தச் சட்டம் என்று சொல்லாமல் எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன்.

நூறு சதவீதக் கழிவு

கிடையாது. பங்குக் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை முழுசாக வெட்ட முடியாது: பிட்ஸ் எதிர் ஹன்ட்.

சீட் பெல்ட்

போடவில்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 25 சதவீதம் வெட்டுகிறார்கள். 1975-இல் ஃப்ரூம் எதிர் புட்சரில் நீதிபதி டென்னிங் பிரபு மூன்று படி வைத்தார்: பெல்ட் போட்டிருந்தால் காயமே பட்டிருக்காது என்றால் 25, காயம் நன்றாகக் குறைந்திருக்கும் என்றால் 15, எப்படியும் பட்டிருக்கும் என்றால் ஒன்றுமில்லை. அதனால் முதலில் மருத்துவ அறிக்கையைப் புரட்டுங்கள், கழிவெல்லாம் அப்புறம்.

காலக்கெடு

உடற்காயத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம். காயம் பட்ட நாள், காயமும் அதற்கு யார் காரணம் என்பதும் தெரியவந்த நாள், இதில் எது பின்னால் வருகிறதோ அதிலிருந்து. ஆறு என்று எழுதிய நான்கு பேரும் என்னை வந்து பாருங்கள்.