பொம்மைக் கடையில் கோபமா வர்றவங்களைச் சமாளிக்கிறது எப்படி

எங்க கடை ரங்கூன்ல, அனோரதா ரோட்டுல இருந்து உள்ளே திரும்புற ஒரு சந்துல இருக்கு. பெரியவங்க அந்த ரோட்டை இன்னும் ஃபிரேசர் தெருன்னுதான் சொல்வாங்க. காளி கோயில் மணி அடிச்சா எங்க கல்லாவுல கேட்கும். வருஷா வருஷம் ஏப்ரல்ல வர்ற திஞ்சானுக்கு, அதான் பர்மாக்காரங்க புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவுக்கு, ஒரு மாசம் முன்னாலயே தண்ணித் துப்பாக்கி விக்க ரெண்டு பிள்ளைங்களைப் புதுசாச் சேர்ப்போம். மூணாவது நாளே அதுல ஒண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கும். "அத்தை, அந்தம்மா என்னைத் திட்டிட்டுப் போறாங்க." அப்ப அதை ஸ்டூல்ல உட்கார வச்சு நான் சொல்றதெல்லாம்தான் இது.

முதல்ல ஒண்ணு. துணிக்கடையில காசு குடுக்குறவரே உடுத்திக்குவார். இங்க காசு குடுக்குறது ஒருத்தர், விளையாடப் போறது இன்னொருத்தர். பாதிச் சண்டை அவங்க ரெண்டு பேருக்குள்ள, நீ நடுவுல மாட்டிக்கிறே. அதனால விலை முடியற வரைக்கும் சாமானைப் பிள்ளை கையில குடுக்காதே. குடுத்தா அப்பா முகம் அப்படியே இறுகிப்போகும். அவரால பேரமும் பேச முடியாது, பிடுங்கவும் முடியாது. அப்படித் திணிச்சு விக்கிற கடைங்க இருக்கு. அன்னைக்கு வியாபாரம் ஆகும், அடுத்த தடவை அந்த அப்பா எதிர்ச்சாரியிலேயே நடந்து போயிடுவார். பிள்ளை அழுதா அதுக்குன்னு கல்லா ஓரத்துல ஒரு காகிதக்கூழ் பொம்மை வச்சிருக்கேன். பர்மாக்காரங்க பிட் டைன் தௌன்னு சொல்றது, எப்படித் தள்ளினாலும் எழுந்து நிக்கும், நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி. அதை விக்கிறதில்லை. பிள்ளை அதைத் தள்ளிக்கிட்டு இருக்கட்டும், நீ பெரியவர்கிட்ட பேசு.

பேசுற விதம். நம்ம ஆளுன்னா அண்ணே, அக்கா போதும். பர்மாக்காரங்கன்னா அக்கோ, அமா. வயசானவங்கன்னா ஊலே, அடோ. பேச்சு முடிவுல மரியாதைக்குப் பொண்ணுங்க 'ஷின்' சேர்க்கணும், பையனுங்க 'கம்யா'. எவ்வளவு கோபத்துல இருந்தாலும் சில்லறையை வலது கையால குடு, இடது கை வலது முழங்கையைத் தொட்டுக்கிட்டு இருக்கட்டும். கல்லா மேல நோட்டை வீசிப்போட்டா, அதுவரைக்கும் சரியா இருந்த ஆளுக்கும் கோபம் வந்துடும்.

பேரம். காலையில முதல் ஆள் ரொம்பக் குறைச்சுக் கேட்டாலும் முகத்தைச் சுளிக்காதே. அது ஜே ஊ பௌ, நாளோட முதல் விற்பனை. கை நஷ்டம் இல்லாத வரைக்கும் குடுத்துடு, வாங்கின நோட்டால சாமானையெல்லாம் ஒரு தட்டு தட்டு. இது தெரிஞ்சே பத்து மணிக்கு முன்னால வர்ற ரெண்டு மூணு பேர் உண்டு. வந்துட்டுப் போகட்டும். மத்த நேரத்துல விலை அட்டையோட பின்பக்கம் பார்த்துப் பேசு. எங்க மாமனார் காலத்துல இருந்து வாங்கின விலையைத் தமிழ் எண்ல எழுதுறது வழக்கம். ௮௫௦௦ன்னு, அதாவது எட்டாயிரத்து ஐநூறு சாட் (பர்மாப் பணம்)னு இருந்தா அதுக்குக் கீழ போகாதே. இதைப் படிக்கத் தெரிஞ்சவர் இந்த வட்டாரத்துலயே ஒருத்தர்தான், தமிழ் சொல்லிக்குடுக்கிற வாத்தியார் ஒருத்தர். பேத்திக்குக் கிச்சன் செட்டு வாங்க வந்து, அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு, "அம்மா, நூறு சாட் லாபம் வச்சுக்கிட்டு எனக்குக் குடு, போதும்"னாரு. குடுத்தேன்.

"போன மாசம் ஒன்பதாயிரம், இப்ப பன்னிரண்டாயிரமா?"ன்னு கத்துறவங்க இப்ப ஜாஸ்தி. சாமான் சீனாவுல இருந்து வருது, சாட் இறங்கினா விலை ஏறும். அவங்களுக்கும் இது தெரியும், அரிசிக்கடையிலயும் அதையே கேட்டுட்டுத்தான் வந்திருப்பாங்க. டாலர் கதையை ஆரம்பிக்காதே. "ஆமாம் அமா, எங்களுக்கும் ஏறிடுச்சு"ன்னு சொல்லிட்டு, அதே ஜாதியில சின்னது ஒண்ணை எடுத்து வை.

திருப்பிக் கொண்டு வர்றதுதான் பெரிய பாடு. போன வருஷம் ஒருத்தர் ரிமோட் காரைக் கல்லா மேல டமார்னு வச்சார். கூட ஏழெட்டு வயசுப் பையன், கண்ணு சிவந்திருந்தது. "குப்பையை விக்கிறீங்க"ன்னார். கையில எடுத்தவுடனே தெரிஞ்சுபோச்சு, நாலு பேட்டரியில ஒண்ணு தலைகீழ். அதைச் சொல்லணும்னு நாக்கு துடிக்கும். சொல்லாதே. பையனுக்கு முன்னால அப்பா முட்டாளா ஆயிட்டா, கார் ஓடினாலும் அவர் சண்டையை விடமாட்டார். நான் காரைக் கல்லாவுக்குக் கீழ கொண்டு போனேன். நாலையும் கழட்டி, ஸ்பிரிங்கை ரப்பர் துண்டால தேய்ச்சு, சரியாப் போட்டு மூடினேன். "தூசி பிடிச்சிருந்தது அக்கோ." பொய்தான். பையன்கிட்ட ரிமோட்டைக் குடுத்து, "அடுத்த தடவை ஸ்பிரிங் பக்கம் தட்டையான முனை வரணும், நீயே பார்த்துக்க"ன்னேன். அப்பாவும் கேட்டுக்கிட்டார். போகும்போது ரெண்டு ஜோடி பேட்டரி வாங்கிட்டுப் போனார்.

இதெல்லாம் வராம இருக்க, விக்கும்போதே பேட்டரி போட்டு ஓட்டிக் காட்டு. கரன்ட் போன நேரத்துலயும் கைவிளக்கைப் பிடிச்சுக் காட்டு. காட்டின பேட்டரியை மறக்காம திருப்பி எடு, என் மகன் சாயங்காலம் கணக்குக் கேட்பான். தண்ணித் துப்பாக்கியை மட்டும் திருப்பி வாங்காதே. திஞ்சான் முடிஞ்ச மறுநாள், ஓட்டை ஓட்டைன்னு பத்து பேர் நிப்பாங்க. நாலு நாள் ஊரையே நனைச்சிருப்பாங்க, துப்பாக்கி வாயில மண்ணு அடைஞ்சிருக்கும். விக்கும்போதே ஒரு பக்கெட் தண்ணி வச்சு அடிச்சுக் காட்டிட்டு, "திருப்பி எடுக்கிறதில்லை"ன்னு பில்லுல எழுதிடு.

சத்தம் போடுறவங்களை விடக் கஷ்டமானவங்க, சத்தமே போடாதவங்க. பர்மாக்காரங்க பாதிப் பேருக்கு மூஞ்சிக்கு நேரா குறை சொல்ல ஆனாடே, மனசு கூசும். "யபாடே, யபாடே", பரவாயில்லைன்னு சிரிச்சுட்டுப் போவாங்க, அப்புறம் வரவே மாட்டாங்க. பெட்டியை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தாங்கன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம். நீயே கேளு: "மூலை நசுங்கியிருக்கா அமா? வேற பெட்டி எடுக்கட்டுமா?"

ஒரு இடத்துல மட்டும் நீயே கஷ்டமான ஆளா மாறு. தவழுற குழந்தைக்குன்னு கேட்டு, பட்டன் பேட்டரி போட்ட பாட்டுப் பொம்மையை எடுத்தா, பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு பார். இல்லேன்னா குடுக்காதே. அந்தப் பேட்டரியைக் குழந்தை முழுங்கித் தொண்டைக்குக் கீழ சிக்கிக்கிச்சுன்னா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ளே வெந்து புண்ணாயிடும். சின்னச் சின்ன உருப்படி இருக்கிற செட்டும் அப்படித்தான். டிஷ்யூ ரோல் நடுவுல இருக்கிற அட்டைக் குழாய் ஒண்ணு டிராயர்ல கிடக்கு, அதுக்குள்ள போற எதுவும் மூணு வயசுக்குக் கீழ வேணாம். இதுக்காக ஒரு அத்தை என்னை "வியாபாரம் பண்ணத் தெரியாதவ"ன்னு கடைக்கு நடுவுல நின்னு திட்டினாங்க. திட்டட்டும்னு விட்டேன், பொம்மை அலமாரியிலேயே இருந்தது.

கைப்பேசியில பணம் போட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட் காட்டினா, சிரிச்சுக்கிட்டே நம்ம போன்ல பணம் வந்திருக்கான்னு பாரு. கோபப்பட்டா, "முதலாளியம்மா திட்டுவாங்க"ன்னு என்மேல பழியைப் போடு. கூட்ட நேரத்துல அதை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.