கீழாநெல்லி ஆய்வுகளைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கீழாநெல்லி பற்றிப் பேச்சு வந்தாலே, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையைத்தான் பலரும் எடுத்து நீட்டுகிறார்கள். நல்ல கட்டுரைதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குச் சென்னையில் 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் அந்தக் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் கட்டுரையாளர்களில் ஒருவர். யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

அந்த ஒரு கட்டுரையோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு. எழுதியவர்களே அதை ஆரம்பகட்ட ஆய்வு என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்புறம் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதேபோலச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 16 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிவிட்டு, போலி மாத்திரையைவிட இது மேல் என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை என்றார்கள். 22 பேர் கணக்கு இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்ததை யாரும் பகிர்வதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

செடியின் பெயரிலும் கவனம் வேண்டும். இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள் தொங்கும். கீழ்க்காய்நெல்லி என்ற பெயரே அதனால் வந்தது. ஆனால் இப்படிக் காய்க்கும் செடிகள் பல. சென்னை ஆய்வில் பயன்பட்டதன் அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஃபில்லாந்தஸ் நிருரி, ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்பவை வேறு இனங்கள். ஒன்றில் கண்ட பலனை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்லக்கூடாது. சோதனைக் குழாயில் கிருமி அடங்கியது என்ற செய்தியும் அப்படித்தான்: அங்கே சாறு நேராகக் கிருமியைத் தொடுகிறது, வயிற்றில் செரித்து, ரத்தத்தில் கலந்து, கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது வேறு கதை.

இதையெல்லாம்விட ஆபத்தானது, மஞ்சள் காமாலையை ஒரே நோய் என்று நினைப்பது. அது அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ என்ற வேறொரு கிருமியால் வந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். பித்தநாளத்தில் கல் அடைத்து வந்த காமாலை அப்படியல்ல. மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிக்கும். அடைப்பை எடுத்தே ஆக வேண்டும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஹெபடைடிஸ் பி கிருமியை அடக்க என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் கீழாநெல்லியை நம்பி மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. அடங்கியிருந்த கிருமி திடீரென்று பெருகி, கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். கீழாநெல்லி சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கண் மஞ்சள் தெளிந்துவிட்டது என்று பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. தெளிந்தது மஞ்சள் மட்டும்தான். கிருமி போனதா என்பதை, மேலே சொன்ன மேலுறைப் புரதத்தைத் தேடும் எச்பிஎஸ்ஏஜி (HBsAg) ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஆறு மாதம் தாண்டியும் அது பாசிட்டிவாகவே இருந்தால் நாள்பட்ட தொற்று என்று பொருள்.