வர்க்கமூலம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கொடுக்கப்பட்ட எண் கிடைக்கிறதோ, அதுவே வர்க்கமூலம். இந்த வரையறையைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர்கூட √64-ஐக் கண்டதும் 32 என எழுதிவிடுவதுண்டு. பாதியும் வர்க்கமூலமும் ஒன்றாக அமைவது 0, 4 ஆகிய இரண்டு எண்களுக்கு மட்டுமே. ஆகவே √4 = 2 என்பதை முதல் எடுத்துக்காட்டாகக் காட்டாமல், √9-இலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மேல்வகுப்பு வரை தொடர்ந்து தொல்லை தரும் தவறு, கூட்டலைப் பிரிப்பது. √(9 + 16) என்பதை √9 + √16 எனப் பிரித்தால் 7 வருகிறது. ஆனால் 7-இன் வர்க்கம் 49, மூலக்குறிக்குள் இருப்பதோ 25. சரியான விடை 5. பெருக்கலில் √(4 × 25) = 2 × 5 = 10 எனப் பிரிக்க முடிவதால், கூட்டலிலும் அது பொருந்தும் என மனம் நம்பிவிடுகிறது. இதை இளவயதிலேயே திருத்தாவிட்டால், பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தும்போது √(a² + b²) என்பதை a + b என எழுதும் பழக்கமாக அது வேரூன்றிவிடும். அப்படி எழுதினால் கர்ணத்தின் நீளம் மற்ற இரு பக்கங்களின் கூடுதலுக்குச் சமமாகி, முக்கோணமே இல்லாமல் போகும்.

முழு வர்க்கத்தின் ஒன்றாம் இலக்கம் 2, 3, 7, 8 ஆக இருக்காது என்பது உண்மை. இதைத் திருப்பிப்போட்டு, 6-இல் முடிவதால் 26 முழு வர்க்கம் என்று சொல்வது தவறு. அவ்வாறே, 100 முழு வர்க்கம் என்பதால் 1000-மும் அப்படியே என எண்ணக்கூடாது: முழு வர்க்கத்தின் இறுதியில் வரும் பூச்சியங்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும்.

தசம எண்களில் கூடுதல் கவனம் தேவை. √0.9 = 0.3 என்று எழுதுவோர் பலர்; 0.3 × 0.3 = 0.09 எனப் பெருக்கிப் பார்த்தால் பிழை உடனே தெரியும். √0.9-இன் மதிப்பு ஏறத்தாழ 0.949. வர்க்கமூலம் கொடுக்கப்பட்ட எண்ணைவிடப் பெரிதாக இருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம், ஆனால் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எல்லா எண்களுக்கும் அது அப்படித்தான் அமையும்.

x² = 25 என்ற சமன்பாட்டிற்கு 5, −5 என இரு தீர்வுகள் உண்டு; √25 என்ற குறியீடு 5-ஐ மட்டுமே குறிக்கும்.

நீள் வகுத்தல் முறையில், முழு எண்ணின் இலக்கங்களை வலப்புறத்திலிருந்தே இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும். 91809 என்பது 9, 18, 09 எனப் பிரியும். முதலில் 3 கிடைத்தபின், 18-ஐ இறக்கும்போது, 3-இன் இருமடங்கான 6-ஐ அடுத்து ஓர் இலக்கத்தைச் சேர்த்து அமையும் 60-க்கு மேற்பட்ட வகுஎண் அதற்குள் அடங்காது. அப்போது ஈவில் 0 எழுதிவிட்டே அடுத்த 09-ஐ இறக்க வேண்டும். இப்போது 30-இன் இருமடங்கான 60-ஐ அடுத்து 3-ஐச் சேர்த்தால் 603; 603 × 3 = 1809 என்பதால் விடை 303. அந்த 0-வை விட்டுவிட்டு 33 என எழுதியவர், மூன்று சோடிகளுக்கு மூன்று இலக்கங்கள் வந்துள்ளனவா என்று எண்ணிப் பார்த்திருந்தாலே பிழையைக் கண்டிருப்பார். 33-இன் வர்க்கம் 1089 மட்டுமே.