கைவசமுள்ள திறமையை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?

உங்கள் திறமை எதுவென்று தனியே அமர்ந்து யோசிப்பதைவிட, அயலவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று கவனிப்பதே நல்ல தொடக்கம். கோயில் கணக்கு எழுதவோ, வயலில் பழுதான நீர்ப்பம்பியைத் திருத்தவோ உங்களையே அழைக்கிறார்கள் என்றால், அந்த அழைப்புகளை ஒரு மாதம் கொப்பியில் குறித்து, எதற்குக் கூலி கிடைத்தது, எது வெறும் நன்றியோடு முடிந்தது என்று பிரித்தெழுதுங்கள்.

அடுத்து, இரண்டு திறமைகளை இணைத்துப் பாருங்கள். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானக் கல்வியும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்றிருந்தமையாலேயே பழந்தமிழரின் யாழைக் கணித முறையில் ஆராய முடிந்தது. மருதமுனையில் கைத்தறி நெய்பவருக்குப் படமெடுக்கவும் தெரிந்தால், சேலையின் கரையையும் நூலின் நெருக்கத்தையும் காலை வெயிலில் தெளிவாகக் காட்டி, கொழும்பிலுள்ளவருக்கு நேரடியாகவே விற்கலாம். இடைத்தரகரின் பங்கு கையில் மிஞ்சும்.

சான்றிதழ் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். மேசன், தச்சர் போன்றோர் முறையாகப் படித்திராவிட்டாலும், தம் அனுபவத்தை மதிப்பீட்டாளர் முன் நிரூபித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. 7 மட்டங்களைக் கொண்ட அம்முறையில் முதல் 4 மட்டங்கள் சான்றிதழ்களுக்குரியவை. அதற்காக, செய்த வேலைகளின் படங்களையும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். கடிதம் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்காரர் மனம் நிறைந்திருக்கும் அன்றைக்கே கேட்டுவிடுவது எளிது.